அன்று வந்ததுதான் அன்றைய மெனு: பாலிமலூ பண்ணைவீடு உணவகமான வரலாறு

பண்ணைவீட்டை உணவகமாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கட்டடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். எந்தச் சுவரை எடுக்கலாம், எந்த உத்தரத்தை வெளியே தெரியவிடலாம், எத்தனை மேசை போடலாம் என்று பேச்சு போகும். அயர்லாந்தின் பாலிமலூ வீட்டு வரலாற்றைப் படித்தால், எல்லாவற்றையும்விடப் பெரிய முடிவு மெனுவை எப்போது எழுதுவது என்பதாகத்தான் தெரிகிறது. 1964இல் எடுத்த அந்த முடிவிலிருந்தே அந்த வீட்டின் சமையல், பரிமாறும் முறை, கொள்முதல், ஆட்களைப் பழக்கும் விதம் எல்லாம் பிறந்தன. அந்தக் கோணத்தில் இந்த ஆய்வு போகிறது.

இடமும் வீடும்

கார்க் நகருக்குக் கிழக்கே, ஷானகாரி கிராமத்தை ஒட்டி இருக்கிறது பாலிமலூ. பெயரின் கடைசி அசையை ‘லூ’ என்று நீட்டிச் சொல்ல வேண்டும். பாலிகாட்டன் மீன்பிடித் துறைமுகம் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். இந்த நெருக்கம் பின்னால் எவ்வளவு பயன்பட்டது என்பதைப் பார்ப்போம்.

வீட்டின் மிகப் பழைய பகுதி 15ஆம் நூற்றாண்டில் ஃபிட்ஸ்ஜெரால்டு குடும்பத்தார் கட்டிய கோபுர வீடு. அக்காலத்து அயர்லாந்தில் நிலக்கிழார்கள் பாதுகாப்புக்காகக் கட்டிக்கொண்ட வகை அது: தடித்த கல்சுவர், குறுகிய சாளரம், ஒன்றன்மேல் ஒன்றாக அறைகள். அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் அதன்மேல் சாய்ந்தாற்போல் வீடு வளர்ந்தது. ஒரே திட்டத்தில் எழும்பிய கட்டடம் அல்ல என்பதால் அறைகளின் அளவும் தரைமட்டமும் ஒன்றுபோல் இருக்காது.

1948இல் ஐவன் ஆலன், மர்ட்டில் ஆலன் தம்பதியர் வீட்டையும் பண்ணையையும் வாங்கினார்கள். ஐவன் தோட்டக்கலையில் தேர்ந்தவர். கண்ணாடிக் கூடங்களில் தக்காளி, அதோடு ஆப்பிள், காளான், பால், பன்றி என்று கலப்புப் பண்ணை நடத்தினார். ஆறு பிள்ளைகள். மர்ட்டில் முறையான சமையல் தொழிற்பயிற்சி பெற்றவர் அல்ல. பண்ணையில் விளைந்ததைச் சமைத்துச் சமைத்தே கைதேர்ந்தார். 1962இல் விவசாயிகளுக்கான வாரப் பத்திரிகை ஒன்றில் சமையல் பத்தி எழுதத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களுக்காக எழுதிய அந்தப் பத்தியே, தன் வீட்டுச் சாப்பாட்டின் மதிப்பு என்ன என்பதை அவருக்குக் காட்டிக்கொடுத்திருக்கும்.

1964 மே

மர்ட்டிலுக்கு அப்போது 40 வயது. பிள்ளைகள் வளர்ந்து வர, வீடு தேவைக்கு மிஞ்சிப் பெரிதாக நின்றது. கார்க் நாளிதழில் சிறிய விளம்பரம் ஒன்று கொடுத்தார்கள். நாட்டுப்புற வீட்டில் வந்து சாப்பிடுங்கள் என்பதே அதன் சாரம். சாப்பாட்டு அறையையே உணவகமாகத் திறந்தார்கள். பெயர் ‘யேட்ஸ் அறை’. ஓவியர் ஜாக் யேட்ஸின் படங்களை ஐவன் சேகரித்து வந்தார். அவை சுவரில் தொங்கின. சமையலுக்குத் துணை அக்கம்பக்கத்துப் பெண்கள்.

அன்றைய அயர்லாந்தில் ‘நல்ல உணவகம்’ என்றால் ஹோட்டல் பாணி பிரெஞ்சுப் பெயர்கள் நிறைந்த, ஆண்டு முழுக்க மாறாத அச்சு மெனு. பக்கத்துத் துறைமுகத்து மீனும் வீட்டு வெண்ணெயும் விருந்தாளிக்கு வைக்கத் தகுந்தவை என்று யாரும் எண்ணவில்லை. மர்ட்டில் அவற்றையேதான் வைத்தார். மெனுவை அன்றன்று எழுதினார்.

அன்றாட மெனு எப்படி ஓடுகிறது

சொல்லும்போது எளிதாக இருக்கும். நடத்துவது கடினம். இந்த முறை நிற்பதற்குச் சில அடிப்படைகள் வேண்டும்.

முதலாவது, ஒரே விலை விருந்து. பாலிமலூவின் இரவுச் சாப்பாடு ஐந்து சுற்றுகள் கொண்டது, தொகை ஒன்றுதான். ஒவ்வொரு தட்டுக்கும் தனி விலை போட்டால், மாலை நாலு மணிக்கு ஒரு மீனுக்குப் பதில் இன்னொரு மீன் வரும்போது விலையையும் மாற்ற வேண்டும், கணக்கு குழம்பும். ஒரே விலை என்றால் சமையற்கட்டுக்குக் கை வீசிச் சமைக்க இடம் கிடைக்கிறது. இரண்டாம் தடவை வேண்டுமா என்று கேட்டுப் பரிமாறும் வழக்கமும் அங்கே உண்டு. வீட்டுச் சாப்பாட்டின் அந்த உபசாரத்தைத் தனி விலை மெனுவில் கொண்டுவர முடியாது.

இரண்டாவது, மீன் கணக்கு. படகு என்ன கொண்டுவரும் என்பது கரைக்கு வந்தால்தான் தெரியும். முழு மீனில் தலை, எலும்பு, குடல் போக, இனத்தைப் பொறுத்து 40 முதல் 50 சதவீதம்தான் சதை தேறும். 6 கிலோ மீன் வந்தால் கையில் நிற்பது 2.4 முதல் 3 கிலோ. ஆளுக்கு 160 கிராம் என்று வைத்தால் 15 முதல் 18 பேருக்கு. அன்று 40 பேர் வருகிறார்கள் என்றால் அந்த மீனை முக்கிய உணவாக எழுதக் கூடாது. தொடக்கச் சுற்றில் சிறு அளவில் வைக்கலாம், அல்லது இரண்டாவது மீன் ஒன்றைச் சேர்த்து இரண்டையும் எழுதலாம். இந்தக் கணக்கைப் போடாமல் மெனு எழுதினால் எட்டரை மணிக்குப் பரிமாறுபவர் மேசையருகே நின்று ‘அது தீர்ந்துவிட்டது’ என்று சொல்ல நேரும். அன்றன்று எழுதும் மெனுவில் அந்த வார்த்தை இரண்டு மடங்கு உறுத்தும். காலையிலேயே அச்சடித்த அட்டையானால் சாக்கு உண்டு. நாலு மணிக்குக் கையால் எழுதியதற்குச் சாக்கு ஏது?

மூன்றாவது, தாங்கிப் பிடிக்கும் உணவுகள். சூப், கூட்டிறைச்சி, சாலட், ஞாயிறு பஃபே ஆகியவை மிச்சத்தையும் மிகுதியையும் உள்வாங்கும். பெரிய இறைச்சித் துண்டை வாட்டினால் 12 பேர் வந்தாலும் 16 பேர் வந்தாலும் வெட்டும் தடிமனில் சரிக்கட்டலாம். மீனில் அப்படி முடியாது.

நான்காவது, பரிமாறுபவர்களுக்குத் தினமும் பத்து நிமிடம். மெனு தினமும் மாறுகிறது என்றால், இன்று தட்டில் இருப்பது எந்த மீன், எதில் கொட்டைப் பருப்பு இருக்கிறது, எதில் பால் இல்லை என்பதைப் பந்தி தொடங்கும் முன் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒவ்வாமை உள்ள விருந்தாளிக்கு நேற்றைய பதிலை இன்று சொல்வதுதான் இந்த முறையின் மிக ஆபத்தான சறுக்கல்.

ஆண்டில் ஒரு காலம் இந்த முறையை உண்மையிலேயே சோதிக்கும். அந்தத் தட்பவெப்பத்தில் ஏப்ரல், மே மாதங்களில் குளிர்காலக் காய்கள் முடிந்துவிடும், புதியவை இன்னும் வளர்ந்திருக்காது. தோட்டக்காரர்கள் இதைப் ‘பசி இடைவெளி’ என்பார்கள். ரூபார்ப் தண்டும், இருட்டில் மூடி வைத்து வெளுக்க வளர்க்கும் கடற்கரைக் கீரையான சீ கேலும், கண்ணாடிக் கூடத்து முதல் கீரைகளும்தான் அப்போது கைகொடுக்கும். முந்தைய ஆண்டே இவற்றை நட்டிருக்க வேண்டும். மெனு மாலையில்தான் எழுதப்படுகிறது என்றாலும் அதன் பாதி பத்து மாதத்துக்கு முன் மண்ணில் எழுதப்பட்டுவிட்டது.

பழைய வீட்டின் முரண்டு

இங்கே பாலிமலூவை விட்டுச் சற்று விலகி, பழைய கல்வீடு எதுவானாலும் உணவகமாகும்போது வரும் தொல்லைகளைச் சொல்லியாக வேண்டும். இவற்றைத் தெரியாமல் இறங்கியவர்கள் முதல் குளிர்காலத்திலேயே திணறுவார்கள்.

குடும்பத்துக்குப் போதிய அடுப்பு பந்திக்குப் போதாது. காரணம் அடுப்பின் அளவு மட்டுமல்ல, வெப்பம் மீளும் நேரம். நாட்டுப்புற வீடுகளில் இருக்கும் கனமான வார்ப்பிரும்பு அடுப்புகள் வெப்பத்தைச் சேர்த்து வைத்து மெதுவாக விடுபவை. அடுத்தடுத்து கதவைத் திறந்து பத்துத் தட்டுகள் உள்ளே வைத்தால் சூடு இறங்கிவிடும். மீண்டும் ஏற நேரம் பிடிக்கும். மெதுவாக வேகும் இறைச்சிக்கும் ரொட்டிக்கும் அவை அருமை. கடைசி நிமிட மீனுக்குத் தனி அடுப்பு வேண்டும்.

அடுத்தது காற்று. சமையற்கட்டில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் அது வெளியே தள்ளும் அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தே ஆக வேண்டும். வழி வைக்காவிட்டால் அது சாப்பாட்டு அறைப் புகைபோக்கி வழியாக இறங்கும். கணப்பில் விறகு எரிகிறது, விருந்தாளிகள் அமர்ந்திருக்கிறார்கள், சமையற்கட்டில் ஃபேனைப் போட்டதும் புகை அறைக்குள் திரும்புகிறது. கணப்பைக் குறை சொல்லிப் புகைபோக்கியைத் துடைப்பார்கள், பயன் இருக்காது. ஃபேன் வெளியேற்றும் அளவுக்கு ஈடான வெளிக்காற்றுக் குழாயைச் சமையற்கட்டுக்குள்ளேயே கொடுப்பதுதான் தீர்வு.

மூன்றாவது ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். பழைய கல்சுவர் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சுத்தமாக இருக்கட்டும் என்று சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஓரிரு ஆண்டில் பெயிண்ட் உப்பி, உப்புப் பூத்து, உத்தர முனை உளுக்கத் தொடங்கும். கழுவக்கூடிய பரப்பு வேண்டிய இடத்தில் சுவரிலிருந்து சிறு இடைவெளி விட்டுத் தகடு அடித்து, மேலும் கீழும் காற்றோட்டம் விடுவது நல்லது.

கழிவுநீர் பற்றி ஒரே வரி: செப்டிக் டேங்கை நம்பும் கிராமத்து வீட்டில், முதல் விருந்தாளி வருமுன் கொழுப்பைப் பிரிக்கும் தொட்டி வைக்காவிட்டால் டேங்கின் கசிவுக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும், பிறகு புல்வெளியைத் தோண்ட வேண்டும்.

டிராலியும் பனிக்கட்டிக் கிண்ணமும்

பாலிமலூவின் சாப்பாட்டு இடம் ஒற்றைக் கூடம் அல்ல, ஒன்றோடொன்று திறக்கும் பல அறைகள். அங்கே இனிப்புகள் டிராலியில் மேசைக்கு வருகின்றன. பழைய வீட்டுக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. தட்டுத் தட்டாகச் சமையற்கட்டிலிருந்து எடுத்து ஓடுவது மிச்சம். விருந்தாளி கண்ணால் பார்த்துக் கேட்கிறார். மிச்சம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிகிறது. ஒரே சிக்கல் ஐஸ்க்ரீம். அறை அறையாக மணிக்கணக்கில் சுற்றும் வண்டியில் அது எப்படி உருகாமல் நிற்கும்?

மர்ட்டில் கண்ட வழி, தண்ணீரையே பாத்திரமாக்குவது. செய்முறை இது. இரண்டு கிண்ணங்கள் வேண்டும். பெரியதன் கொள்ளளவு சிறியதைப் போல் இரு மடங்கு. பெரிய கிண்ணத்தில் பாதி அளவு குளிர்ந்த நீர் ஊற்றி, சிறியதை அதன் நடுவில் மிதக்கவிட்டு, இரண்டின் விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை சிறியதற்குள் எடைக்கு நீரோ ஐஸ் கட்டியோ போட வேண்டும். மேலே சதுரத் துணியை விரித்து, பெரிய கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழே கயிற்றால் மேளத்தோல் போல் இறுக்கிக் கட்ட வேண்டும். சிறிய கிண்ணம் நகராமல் பிடித்து வைப்பது அந்தத் துணிதான். 24 மணி நேரம் ஃப்ரீசரில். வெளியே எடுத்ததும் 15, 20 நிமிடம் சும்மா மேடையில் வைத்தால் இரு கிண்ணங்களும் தாமாக வழுக்கி வரும்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். அவசரத்தில் சுடுநீரில் முக்கினால் ‘டக்’கென்று விரிசல் விழும். துணியை லேசாகக் கட்டினால் சிறிய கிண்ணம் ஒரு பக்கம் ஒதுங்கி, அந்தப் பக்கத்துச் சுவர் மெலிந்துபோகும். பந்தி பாதியில் அங்கே ஓட்டை விழும். கிண்ணத்தை மடித்த துணி விரித்த குழிவான தட்டில் வைக்க வேண்டும். உருகும் நீரைத் துணி குடித்துக்கொள்ளும், கிண்ணமும் வழுக்காது. முடிந்ததும் ஃப்ரீசரில் திருப்பி வைத்தால் மறுநாளுக்கும் ஆகும்.

அதில் வைக்கும் ஐஸ்க்ரீமுக்கும் கடையும் இயந்திரம் தேவையில்லை. 2 முட்டை மஞ்சள் கருவை நுரைக்க அடிக்க வேண்டும். 50 கிராம் சர்க்கரையை 120 மில்லி நீரில் கரைத்து, கம்பிப் பதம் வரும்வரை, அதாவது 106 முதல் 113 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, அடித்துக்கொண்டே கருவில் ஊற்ற வேண்டும். கெட்டியான வெண்ணுரை ஆனதும் அரைத் தேக்கரண்டி வெனிலா சேர்த்து, மெதுவாக அடித்த 600 மில்லி க்ரீமை மடித்துக் கலந்து உறைய வைக்க வேண்டும். அந்த 600 மில்லி என்பது அடித்த பிறகான அளவு. அடிக்கும் முன் அளந்தால் க்ரீம் மிஞ்சி, நாக்கில் வெண்ணெய் போல் ஒட்டும். பாகு பதம் வருமுன் இறக்கினால் நீர் மிகுந்து ஐஸ் நறநறக்கும்.

கடல் பாறையிலிருந்து புட்டிங்

நம் ஊரில் கடற்பாசி என்று விற்கும் அகர் அகரின் தூரத்து உறவு கேரகீன். அட்லாண்டிக் கரைப் பாறைகளில் வளரும் சிவப்புப் பாசி; கடல் நன்றாக வற்றும் நாட்களில் பறித்து, நீரிலும் வெயிலிலும் மாறி மாறிப் போட்டு வெளுக்கவைத்துக் காயவைப்பார்கள். ஏழைகளின் மருந்துணவு என்று ஒதுக்கப்பட்ட அதைப் பாலிமலூ இனிப்பு டிராலியில் ஏற்றியது. இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான்.

காய்ந்த பாசி 7 கிராம், பாதி மூடிய கையில் கொள்ளும் அளவு. வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, 900 மில்லி பாலில் வெனிலாவோடு போட்டு, மூடி, மிக மெல்லிய தீயில் 20 நிமிடம். ஒரு முட்டை மஞ்சள் கருவைச் சுமார் 45 கிராம் சர்க்கரையோடு அடித்து, பாலை அதன்மேல் வடிகட்ட வேண்டும். வடிகட்டியில் நிற்கும் பாசியைக் கரண்டியால் அழுத்தித் தேய்த்து, ஊறி வரும் கூழையும் பாலில் சேர்த்தால்தான் உறையும். இந்தக் கூழை விட்டுவிடுவதே முதல்முறை செய்பவர்களின் தவறு. ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு உறைகிறதா என்று பார்த்து, அடித்த வெள்ளைக் கருவைக் கலந்து குளிரவிட வேண்டும். வெள்ளைக் கரு மேலே எழுந்து நுரைத்த அடுக்காக நிற்கும். வெள்ளைக் கரு வேகாமலே போவதால் முட்டை நம்பகமானதாக இருக்க வேண்டும். எடையைக் கண்ணால் போட்டால் கெடும்: 12 கிராம் போனால் ரப்பர், கடல் வாடையும் தூக்கும். சரியாக வந்தால் கரண்டி பட்டதும் நடுங்கும்.

வெளிவட்டம்

மூன்று ஆண்டுகளில், 1967இல், தங்கும் அறைகளும் திறந்தன. 1968இல் ஹோட்டல் பள்ளி முடித்த டரினா ஓ’கானல் அங்கே வேலைக்கு வந்தார். நல்ல சமையற்கட்டுகள் பெண்களைச் சேர்க்கத் தயங்கிய காலம் அது. பின்னர் ஆலன் குடும்பத்து மகன் டிம்மை மணந்தார். 1983இல் தன் தம்பி ரோரியுடன் சேர்ந்து அருகிலுள்ள கினோயித்தில் சமையல் பள்ளியைத் தொடங்கினார். சுமார் 100 ஏக்கர் இயற்கைப் பண்ணைக்குள் இருக்கும் அந்தப் பள்ளியின் 12 வாரப் பயிற்சிக்கு உலகெங்கிலுமிருந்து மாணவர்கள் வருகிறார்கள். உணவகங்களைத் தரம் பார்க்கும் பிரெஞ்சுக் கையேடான மிச்சலின் வழங்கும் நட்சத்திரம் 1975 முதல் 1980 வரை இந்த உணவகத்துக்கு இருந்தது. 1977இல் மர்ட்டிலின் சமையல் நூல் வெளிவந்தது.

பண்ணையில் விளையாததை யாரிடம் வாங்குவது என்பதில்தான் இந்த உணவகம் நாட்டையே மாற்றியது. பேரா தீபகற்பத்தில் ஒரு பண்ணைவீட்டில் 1970களின் இறுதியில் பிறந்த மில்லீன்ஸ் பாலாடைக்கட்டியை முதலில் அடையாளம் கண்டு தூக்கிப் பிடித்தவர்களில் மர்ட்டில் ஒருவர். ஓர் உணவகம் வாரந்தோறும் நிச்சயமாக வாங்கும் என்ற உறுதி கிடைத்தால் சிறு உற்பத்தியாளர் துணிந்து இன்னொரு பசு வாங்குவார். பேர் போன உணவகம் வாங்குகிறது என்றால் மற்றவர்களும் தேடி வருவார்கள். 1986இல் தொடங்கிய யூரோ-டோக்ஸ் என்னும் ஐரோப்பியச் சமையல் கலைஞர் அமைப்பின் அயர்லாந்துக் கிளைக்கு அடித்தளமிட்டவர் அவர். 1994 முதல் 1997 வரை அந்த அமைப்பின் தலைவராகவும் இருந்தார். பெரிய ஆலைகளுக்காக எழுதிய சுகாதார விதிகளின் சுமையில் பச்சைப்பால் பாலாடைக்கட்டி செய்பவர்கள் நசுங்கிவிடாமல் காக்க வாதாடினார்.

கண்ணாடிக் கூடத்துத் தக்காளி மிகுந்தபோது வீட்டில் போட்டு வைத்த, தொக்கு போன்ற ரெலிஷும் தொழிலானது. மகள் யாஸ்மின் 1990இல் அதைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். 1981இல் பாரிஸில் ‘லா ஃபெர்ம் ஐர்லாந்தேஸ்’ என்ற பெயரில் மர்ட்டில் நடத்திய உணவகம் சில ஆண்டுகளே ஓடியது. தோட்டமும் துறைமுகமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது நாலு மணி மெனு எழுதலாம். நடுவில் ஒரு கடல் வந்துவிட்டால், எது வரும் என்பதை நாட்கணக்கில் முன்னதாகவே சொல்லியாக வேண்டும்.

மர்ட்டில் ஆலன் 2018 ஜூன் 13 அன்று, 94ஆம் வயதில் காலமானார். எட்டு மாதம் கழித்து, 2019 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த உலக உணவக விருதுகளில் ‘ஆண்டின் சிறந்த டிராலி’ விருது பாலிமலூவின் இனிப்பு வண்டிக்குக் கிடைத்தது.